குற்றம் யாருடையது?

பெற்றோர் செய்த செயலுக்குப் பிள்ளைகள் பொறுப்பாவார்களா? முறையான ஆவணமின்றி, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்க நாட்டில் குடியேறியவர்களைப் பற்றி அங்கே இவ்வினா நாற்பதாண்டுகளுக்கும் மேலாக எழுந்த வண்ணம் உள்ளது.

டெக்சாஸ் மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய பிள்ளைகளின் கல்விக்கு மாநில நிதி கிடையாது என்றது. டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம் பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. உழைத்துப் பிழைக்கும் எளியோர் எங்ஙனம் செலுத்துவர்? வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1982 ஜூன் 15 அன்று, நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த நிலையில், பெற்றோரின் நடத்தைக்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைத்தல் நீதியாகாது என்று தீர்ப்பு வந்தது. வினை செய்தவரையே சாரும் எனக் கற்று வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

ஆயின் அப்பாதுகாப்பு பள்ளியோடு முடிந்தது. அதன்பின் வேலை செய்ய உரிமையில்லை. நடுவண் அரசின் கல்வி உதவியில்லை. இவர்களுக்கு வழி திறக்கும் 'ட்ரீம்' சட்ட முன்வரைவு 2001இல் செனட் சபைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2010இல் இளைஞர்கள் தாமே எழுந்தனர். மாணவர் நால்வர் புத்தாண்டு நாளன்று மயாமியில் புறப்பட்டு, ஏறத்தாழ 1,500 மைல் நடந்து வாஷிங்டன் சேர்ந்தனர். அரிசோனாவில் சிலர் பட்டமளிப்பு அங்கி அணிந்து செனட்டர் ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்து கைதாயினர். நாடு கடத்தப்படலாம் என்றறிந்தே அமர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபை ஏற்ற அம்முன்வரைவு, செனட்டில் 60 வாக்குகள் தேவைப்பட, 55 மட்டுமே பெற்று வீழ்ந்தது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இவர்களுக்காகப் பரிந்து பேசியோர் பலரும், 'தம் குற்றம் ஏதுமின்றி அழைத்து வரப்பட்டவர்கள்' என்றே கூறினர். கேட்டோர் இரங்கினர். அச்சொற்களைச் சற்றே திருப்பிப் பாருங்கள். குற்றவாளிகள் பெற்றோர் என்றாகிறது. பிள்ளையின் பசி தீர எல்லை கடந்த தாயைக் காட்டிக் கொடுத்தா மகன் தூயவனாக வேண்டும்? இளைஞர் பலர் நாளடைவில் அவ்வாதத்தை மறுத்தனர். முதலில் கனவு கண்டவர்கள் தம் பெற்றோரே என்றனர்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதலாண்டில், நாள்தோறும் தாமதமாக வந்த சிறுமி ஒருத்தியைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். காரணம் கேட்டேன், வாய் திறக்கவில்லை. தாய் விடியலிலேயே களையெடுக்கப் போய்விடுவதால், தம்பிக்குச் சோறூட்டிவிட்டு அவள் வருகிறாள் என்று பின்னர் பிறர் சொல்லி அறிந்தேன். 'அம்மா சொன்னாங்க' என்றிருந்தால் விட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சு இன்றும் என் கண்முன் நிற்கிறது.

எல்லையைக் காப்பது அரசின் கடமையன்றோ எனக் கேட்பீர்கள். ஆம், முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருப்போரின் நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தாயைப் பழித்தால்தான் பிள்ளைக்கு இரக்கம் என்னும் பேரத்தை எந்த அறநூல் ஏற்கும்?

2012 ஜூன் 15 அன்று அதிபர் ஒபாமா 'டாக்கா' என்னும் ஏற்பாட்டை அறிவித்தார். ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க வேலை அனுமதி அது, குடியுரிமையன்று. 2007 ஜூன் 15 முதல் அந்நாட்டிலேயே வசித்து வந்தோருக்கு மட்டுமே உரியது. 2021இல் டெக்சாஸ் நீதிமன்றத் தீர்ப்பொன்று புதியவர்களுக்கு அனுமதி வழங்குவதையும் நிறுத்தியது. அந்த இளைஞர்களைச் சுமந்து வந்த பெற்றோருக்கு, அதில் தொடக்கமுதலே இடமில்லை.