செங்கோரும் தியாவும்

1980ஆம் ஆண்டின் கடைசி நாளில் செனகல் அதிபர் லியோப்போல்ட் செதார் செங்கோர் பதவி விலகினார். வயது 74. இருபது ஆண்டுகள் ஆண்டவர். ராணுவம் அவரை விரட்டவில்லை, தேர்தலில் தோற்கவுமில்லை, பதவிக்காலம்கூட மிச்சம் இருந்தது. மறுநாள் பிரதமர் அப்து தியூஃப் அதிபரானார். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவில் அதுவரை அப்படித் தானாக நாற்காலியை விட்டு எழுந்தவர்கள் அரிது. அந்த மரியாதை செங்கோருக்கு உரியதுதான். ஆனால் அவர் எப்படி ஏறினார் என்பதையும் பார்த்தால்தான் இறங்கியதன் பொருள் முழுதாக விளங்கும்.

1906இல் ஜோவால் என்ற கடலோர ஊரில், செரேர் இனத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வணிகர். பாரிஸில் படித்து, 1935இல் பிரான்சின் மிகக் கடினமான ஆசிரியர் தேர்வில் இலக்கணத்தில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் ஆனார். எய்மே செசேர், லியோன் தாமா ஆகியோரோடு சேர்ந்து, கறுப்பு மனிதரின் பண்பாட்டுப் பெருமையைப் பேசும் நெக்ரிட்யூட் இயக்கத்தை வளர்த்த கவிஞர். 1940இல் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கி, பல மாதங்கள் முகாமில் கிடந்தார். (திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பழைய உறவு உண்டென்று நம்பி, 1974இல் சென்னையில் வந்து பேசியவரும் இவரே. பின்னர் டக்கார் பல்கலைக்கழகத்தில் நம் தமிழறிஞர் க. ப. அறவாணன் பணியாற்றியது இந்த ஆர்வத்தின் தொடர்ச்சி.)

செனகல் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிறுபான்மை மதத்துக் கவிஞர் ஒருவர் அங்கே எப்படி வென்றார்? விடை நிலக்கடலைக் காட்டில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் டக்கார், செயின்ட் லூயி, கோரே, ருஃபிஸ்க் ஆகிய நான்கு நகரத்தாருக்கு மட்டுமே குடியுரிமை. மற்றவரெல்லாம் வெறும் குடிகள். 1946இல் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. வாக்குரிமை மட்டும் படிப்படியாகத்தான் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நகரத் தலைவர் லாமின் கேயின் கூட்டாளியாக 1945இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் சென்ற செங்கோர், 1948இல் பிரிந்து தனிக் கட்சி கண்டார். ஊர் ஊராக அலைந்தார். கடலை விளையும் ஊர்களில் மக்கள் கேட்டது மராபூ எனப்படும் சூஃபி குருமார்களின் சொல்லை. சீடர்கள் குருவின் நிலத்தில் உழைத்தார்கள். குரு கைகாட்டிய பக்கம் வாக்கு விழுந்தது. அந்தக் குருமார்களின் நம்பிக்கையை இந்தக் கத்தோலிக்கர் பொறுமையாகச் சம்பாதித்தார். 1951 தேர்தலில் செனகலின் இரண்டு இடங்களையும் அவர் கட்சியே பிடித்தது.

இந்த ஏணிதான் பின்னால் தளையாகவும் ஆனது. 1960 ஜூனில் மாலி கூட்டாட்சியாக விடுதலை பெற்று, இரண்டே மாதத்தில் அதிலிருந்து பிரிந்த செனகலுக்குச் செங்கோர் அதிபர். ஆட்சியை நடத்தியவர் பிரதமர் மமாது தியா. கட்சி தொடங்கிய நாளிலிருந்து செங்கோரின் வலக்கையாக இருந்தவர் அவர். உழவர் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்து, கடலை வணிகத்தை இடைத்தரகர்களிடமிருந்தும் பிரெஞ்சு நிறுவனங்களிடமிருந்தும் மீட்க முனைந்தார். கடலையால் வாழ்ந்த பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. மராபூக்களில் பலருக்கும் பிடிக்கவில்லை.

1962 டிசம்பர் 17 அன்று தியாவின் அரசுமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவர் காவலர்களை ஏவி நாடாளுமன்றத்தைக் காலி செய்தார். அது பெரும் பிழை. உறுப்பினர்களோ அவைத் தலைவரின் வீட்டில் கூடி வாக்களித்து அவரை வீழ்த்தினார்கள். ராணுவம் செங்கோர் பக்கம் நின்றது. மறுநாள் தியா கைது. 1963இல் ஆயுள் தண்டனை. நாட்டின் தென்கிழக்குக் கோடியில் கெதுகு சிறை. பன்னிரண்டு ஆண்டுகள் நண்பரை நண்பர் அங்கே வைத்திருந்தார். தியா சிறையில் கண் பார்வையையும் பெரும்பாலும் இழந்தார். செங்கோரின் கவிதையை நேசிக்கிறவர்கள் இதைக் கடந்து போய்விடக் கூடாது என்றே நினைக்கிறேன். என்னால் கடக்க முடியவில்லை.

அதன்பின் பிரதமர் பதவியே ஒழிந்தது. 1966இல் நாடு ஒரே கட்சி ஆட்சியானது. அதே ஆண்டுதான் டக்காரில் உலகக் கறுப்பினக் கலைவிழாவும் நடந்தது. 1968இல் மாணவரும் தொழிலாளரும் தெருவில் இறங்கினார்கள். ராணுவத்தைக் கொண்டே அடக்க வேண்டியிருந்தது. எதிர்க்க இடம் இல்லாத நாட்டில் கோபத்துக்குத் தெருதான் மிஞ்சும் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. 1970இல் பிரதமர் பதவி திரும்ப வந்தது. 1974இல் தியா விடுதலையானார். அதே ஆண்டு அப்துலாயே வாத் எதிர்க்கட்சி தொடங்க அனுமதி பெற்றார். 1976இல் மூன்று கட்சிகளுக்குச் சட்டம் இடம் தந்தது, அதுவும் இன்ன கொள்கைக்கு இன்ன கட்சி என்று அதிபரே வரையறுத்த மூன்று. 1978 தேர்தலில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கி வென்ற செங்கோர், பதவிக்காலத்தின் நடுவில் எழுந்து போனார்.

2000ஆம் ஆண்டில் தியூஃப் தேர்தலில் தோற்றார். வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டு ஒதுங்கினார். வென்றவர் வாத். 1963இல் தியாவுக்காக வழக்கு மன்றத்தில் நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர். அந்த 2000இல் செங்கோர் நார்மண்டியில் முதுமையில் இருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். தியா 2009 வரை வாழ்ந்தார்.