திறக்காத கிதாபுகள்

ஜகாத்துக்காக ஆண்டுக்கொரு முறை கடைச் சரக்கை ஒன்றுவிடாமல் கணக்கெடுக்கும் நாம், வீட்டு அலமாரியிலுள்ள கிதாபுகளைக் கணக்கெடுப்பதில்லை. அவற்றுக்குத்தான் ஜகாத் இல்லையே!

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் 5,027 பாடல்கள். நம்மில் பலர் விலாதத்துக் காண்டத்தையே தாண்டியதில்லை. போகட்டும், அது தமிழெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பிறகாவது படித்துக்கொள்வார்கள்.

பாட்டனார் விட்டுப்போன அரபுத்தமிழ் நூல்களின் நிலை வேறு. மொழி தமிழ், எழுத்து அரபு. தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துக்களும் உண்டு. மதரஸாவில் ஓதி, தமிழும் கற்ற நமக்கு அது எட்டும். நம் பிள்ளைகளிலோ குர்ஆன் ஓதுகிறவனுக்குத் தமிழ் தடுமாறுகிறது. தமிழ் படித்தவன் அவ்வெழுத்தைக் கண்டு விழிக்கிறான். ஆகவே நாம் திறக்காத கிதாபு அவர்களுக்கும் சேர்த்துப் பூட்டியதாகிறது.

அதை நம் சொத்து என்பதா, அமானிதம் என்பதா? இஷாவுக்குப் பின் அரைமணி, பிள்ளையை அருகில் அமர்த்தி, எழுத்துக்கூட்டியாவது வாய்விட்டு வாசிப்போம்.