காளை ஏன் நின்றது?

1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹோசே டெல்காடோ ஒரு காளையின் முன் நின்றார். அதன் மூளைக்குள் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தன. பாய்ந்து வந்த காளை, அவர் ரேடியோ கருவியின் பொத்தானை அழுத்தியதும் நின்றது. அதன் மூர்க்கத்தைத் தணித்துவிட்டதாக டெல்காடோ கருதினார். உடல் அசைவை ஆளும் பகுதி தூண்டப்பட்டதால் காளை திரும்ப நேர்ந்தது, மூர்க்கம் தணிந்ததற்குச் சான்றில்லை என்று உளவியலாளர் எலியட் வாலன்ஸ்டீன் மறுத்தார்.

அமைதியும் பணிவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "அவள் வாயே திறக்கவில்லையே, சம்மதம்தான்" என்று நம் வீடுகளில் எத்தனை திருமணங்கள் முடிவாகியிருக்கின்றன!

2002இல் நியூயார்க் ஆய்வாளர்கள் எலிகளைத் தொலைவிலிருந்து நடத்திக் காட்டினார்கள். மீசைமயிரின் தொடுஉணர்வுக்கான மூளைப் பகுதியைத் தூண்டித் திசை சொன்னார்கள். சொன்னபடி திரும்பினால், இன்ப உணர்வு தரும் நரம்புப் பாதையைத் தூண்டினார்கள். எலிகள் வழக்கமாகத் தவிர்க்கும் வெளிச்சமான திறந்தவெளிக்கும் அவை போயின. அங்கே வலியில்லை, இன்பம்தான் கடிவாளம். பாராட்டும் பரிசும் காட்டி வழிநடத்தப்பட்டு, அதையே நம் விருப்பம் என்று நம்பப் பழகிய நமக்கு இது புதிய கதையல்ல.

கம்பியில்லாக் கருவிகளை நான் ஒட்டுமொத்தமாக மறுக்கவில்லை. கம்பியில் பிணைக்கப்படாத விலங்கு தன் கூண்டில், தன் இனத்தோடு நடமாட முடிகிறது. 1959இல் ரசலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளில் ஒன்றான வதைக்குறைப்புக்கு இது உதவுகிறது. சிறுநீரை அடக்க முடியாமல் வெளியே போகவே அஞ்சும் பெண்களுக்கு, முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்பைத் தூண்டும் கருவி பெரிய விடுதலை. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தச் சிகிச்சைக்கு முன்னே நாய்களின் உடல்கள் இருக்கின்றன. அந்த நாய்களிடம் நாம் பட்ட கடனை மறைத்துவிட்டு அறம் பேச முடியாது.

ஆனால் வலியைக் குறைத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா? ஒப்புதல் படிவத்தில் விலங்கு கையெழுத்திடுவதில்லை. விலகுவது, கடிப்பது, மூலையில் ஒடுங்குவது ஆகியவையே அதன் மறுப்புமொழி. நரம்பின் செய்தியைப் பதிவு செய்யும் கருவி அந்த மொழியைக் கேட்கவும் உதவக்கூடும். உடலைச் செலுத்தும் கருவியோ அந்த மொழியையே அழித்து எழுதிவிடும். பழுதான நரம்புக்குத் துணைசெய்வதும் ஓர் உயிரின் மறுப்பை எடுத்துவிடுவதும் வேறு வேறு செயல்கள். இரண்டையும் ஒரே அனுமதியில் அடக்கக் கூடாது.

எனவே ஆய்வுக்கூடத்தை நோக்கி நாம் கேட்க வேண்டியது, "விலங்குக்கு வலித்ததா?" என்பதோடு நிற்கக் கூடாது. "வேண்டாம் என்று காட்ட அதற்கு வழி இருந்ததா? காட்டியபோது நிறுத்தினீர்களா?" என்றும் கேட்க வேண்டும். நமக்காக நாம் கேட்டுப் பழகிய கேள்விகள்தாம் இவை.