திறந்த கதவும் சிறிய கல்லூரியும்

நீலகிரியின் முதுமலைக் காட்டில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமின் சமையல்கூடத்தில் கேழ்வரகும் கொள்ளும் வெந்துகொண்டிருக்கும். வெந்ததை வெல்லம், உப்பு சேர்த்துப் பெரிய பெரிய உருண்டைகளாகப் பிடித்துப் பாகன்கள் யானைக்கு ஊட்டுவார்கள். எல்லா யானைக்கும் ஒரே அளவு கிடையாது. வயது, எடை, உடல்நிலை மூன்றையும் பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் உணவு.

அதே தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் கூடலூரிலும் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே அளவுகோல்தான்: பொறியியல் கட் ஆஃப். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அந்த எண் ஏற ஏற, சேர வேண்டிய கல்லூரியின் பெயரும் பெரிதாகிக்கொண்டே போகும். முதல் மார்க் வாங்கிய பெண் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்றால், “இவ்வளவு மார்க் வாங்கிட்டு அங்கேயா?” என்று முதலில் கேட்பது உறவுக்காரர்கள். ஊரார் கண்ணில் மார்க் என்பது நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கு. விலை குறைந்தால் அது ஏதோ பாவம் போல.

பழைய சமயக் கேள்வி ஒன்றுதான் இப்படி வேறு உருவில் வருகிறது. உழைத்துப் பெற்ற பலன்மேல் பற்று வைக்காதே என்கிறது கீதை. அப்படியானால், கைக்கு எட்டிய பெரிய கல்லூரியை விட்டுவிட்டுச் சிறிய கல்லூரிக்குப் போவது பற்றற்ற செயலா, கிடைத்ததைப் பாழாக்குவதா?

நீலகிரியிலேயே இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்த ஒருவர் இருந்தார். கேரளத் துறவி நாராயண குருவின் சீடர் நடராஜ குரு, 1923-இல் இந்த மலையில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். பிறகு சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தினார். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு அவர் எடுத்த பொருள், கல்வியில் தனிமனித உறவின் பங்கு. ஒரு ஆசிரியரும் ஒரு மாணவரும் நேருக்கு நேர் உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பட்டத்தோடு அவர் திரும்பி வந்தது அந்தக் குருகுலத்துக்குத்தான். ஊட்டியை அடுத்த ஃபெர்ன்ஹில்லில் அது இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் அதை வழிநடத்திய நித்ய சைதன்ய யதியும் கல்லூரிகளில் தத்துவம் நடத்திவிட்டு வந்தவர்தான். 1999-இல் அங்கேயே மறைந்தார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் நடராஜ குருவின் தந்தையை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. தந்தை டாக்டர் பல்பு. திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்கத் தகுதி இருந்தும், ஈழவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சென்னைக்கு வந்து படித்து டாக்டரானார். அப்போதும் சொந்த சமஸ்தானம் வேலை தரவில்லை. மைசூர் அரசுதான் தந்தது. 1896-இல் 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு திருவிதாங்கூர் மன்னருக்கு மனு கொடுத்தார். படிப்பு என்பது தந்தை தட்டித் தட்டித் திறந்த கதவு. அதற்குள் போய்ப் பார்த்த மகனால்தான் அதை விட்டு வெளியே வரவும் முடிந்தது. கையில் இருப்பதை விடுவதுதான் துறவு. கிடைக்கவே கிடைக்காததை ஒருவர் எப்படித் துறக்க முடியும்?

சிறிய கல்லூரிக்குப் போவதில் நிஜமான லாபமும் உண்டு. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சலிவன் கட்டிய கல் பங்களா அதன் வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். அந்தப் பாடத்துக்குப் பேர்போன இன்னொரு கல்லூரி, மயிலாடுதுறை பக்கத்தில் நெல்வயல்களுக்கு நடுவே மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரி. இரண்டுமே தலைநகரத்துப் பெரிய பெயர்கள் அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 1988-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, மரம் மரமாக எண் கட்டிக் கணக்கெடுக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஒரு காட்டின் ஓரத்தில் பிறந்த பெண், யானையைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டு ஊட்டிக்குப் போனால் அதில் எந்த மார்க்கும் வீணாகவில்லை.

சிறிய கல்லூரியிலிருந்து உயர்ந்தவர்களுக்கு உதாரணம் காட்ட இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவனைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக்கில் தொடங்கியவர். இதில் பாதியை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். சிவன் அங்கிருந்து சென்னை எம்.ஐ.டி.க்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் போனார். வீரமுத்துவேல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவரானார். சின்னக் கல்லூரிக்கு அப்பால் ஏறிப் போக அவர்களுக்கு ஒரு படி இருந்தது.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில் உதவுகிறது. ஒரே தரத்து மாணவர்களில், பேர்பெற்ற கல்லூரிக்குப் போனவர்களும் இடம் கிடைத்தும் அதைவிடச் சிறிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்களுக்குப் பெரிய கல்லூரி நன்றாகவே கைகொடுத்தது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று அவர்களின் அடுத்த ஆய்வு சொன்னது. வீட்டில் பேராசிரியரும் வக்கீலும் மாமா சித்தப்பாவாக இருக்கும் பிள்ளைக்குக் கல்லூரி அறிமுகப்படுத்தி வைக்க வேண்டிய ஆட்கள் குறைவு. யாருமே இல்லாத பிள்ளைக்கு அந்தக் கல்லூரிதான் உறவு.

அதனால், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடி வீடுகளிலிருந்து முதன்முதலாகப் படியேறும் பெண்பிள்ளையிடம் “பெயரில் என்ன இருக்கிறது, பக்கத்துக் கல்லூரியே போதும்” என்று உபதேசிப்பது கொடுமை. அந்த உபதேசம் சொல்பவரின் பிள்ளைக்குத்தான் முதலில் பொருந்தும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், அடுத்த ஆண்டு பொறியியல் முதலான படிப்புகளிலும் தமிழ்நாடு தந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கு உரியது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ அவள் விரும்பினால், போய்ச் சேரும்வரை துணை நிற்பது ஆசிரியர்களின் கடமை.

அதன் பிறகும் அவள் ஊட்டிதான் என்று சொன்னால், விண்ணப்பிக்குமுன் வீட்டார் அங்குள்ள வனவிலங்கு உயிரியல் துறையில் போய்க் கேட்டு வர வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எத்தனை ஆசிரியர்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள்? காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சொல்லித்தருவார்களா? அங்கே படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போனவர்கள் யார்? விடுதியில் இடம் உண்டா? மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. தினமும் போய்வர முடியாது.