நாள் குறித்துப் பிறக்கும் தலைப்பிள்ளை

பிள்ளைப்பேற்றுக்கு நாள் குறிக்கலாமா? கலியாணத்திற்கு நாள் குறிக்கிறோம். கடைத் திறப்புக்கு நாள் குறிக்கிறோம். பிரயாணத்துக்கு நாள் குறித்துச் சீட்டு வாங்குகிறோம். அவற்றிலெல்லாம் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால், "வருகிற பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ரண சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்துவிடுவோம்" என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில், தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் ஒரு சலசலப்பு உண்டாகிறது. "வலி கண்டு பெற வேண்டியதைக் கத்தி கொண்டு எடுப்பதா?" என்பார் ஒருவர். "அல்லாஹ் குறித்த நேரத்தை மனிதன் குறிப்பதா?" என்பார் மற்றொருவர். "எப்படியும் கீறத்தானே போகிறார்கள், வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கேளுங்கள்" என்பார் மூன்றாமவர். மூவர் கூற்றையும் சற்று நிதானமாக நிறுத்துப் பார்ப்போம். வணிகர்களாகிய நமக்கு நிறுத்துப் பார்ப்பது புதிய தொழிலன்று.

முதலாவது கூற்றில் மறைந்திருப்பது, கீறிப் பிறப்பது பிறப்பே ஆகாது என்னும் எண்ணம். இது மிகப் பழைய எண்ணம். சிசேரியன் என்ற பெயரைக் கேட்டு, ஜூலியஸ் சீஸர் அவ்வாறு பிறந்தவர் என்று பலர் நம்புகின்றனர். அக்காலத்து ரோமாபுரியில் இறந்துபோன தாயின் வயிற்றைத்தான் கீறினார்கள். சீஸரின் அன்னை ஔரேலியாவோ மகன் பெரிய தளபதியான பின்னரும் உயிரோடிருந்தவர். ஆகவே அக்கதை நம்பத்தக்கதன்று. நம்மவர் கேள்விப்பட்ட இன்னொரு கதை மாவீரன் ருஸ்தமுடையது. பிர்தௌஸி 1010-ஆம் ஆண்டில் முடித்த ஷாநாமாவில், ருஸ்தமின் தாய் ரூதாபா பிள்ளையின் பருமன் தாங்காது மயங்கி விழுகிறாள். சீமுர்க் என்னும் பறவை வந்து வழி சொல்கிறது. அதன்படி அவளுக்கு மதுவைப் புகட்டி உணர்விழக்கச் செய்து, விலாவைக் கீறிப் பிள்ளையை எடுத்து, காயத்தைத் தைத்து, பச்சிலையைப் பாலும் கஸ்தூரியும் சேர்த்து அரைத்துப் பூசுகிறார்கள். தாய் பிழைக்கிறாள். கதைதான்; எனினும் கவிஞர் தாயைக் கொன்று வீரனைப் பிறப்பிக்க மனங்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ருஸ்தமை அரைகுறையாகப் பிறந்தவன் என்று அக்கதையில் எவரும் ஏசியதுமில்லை.

கதையில் நடந்தது மெய்யில் நடக்க நெடுங்காலம் ஆயிற்று. 1826-ல் கேப் டவுனில் ஜேம்ஸ் பாரி என்னும் ராணுவ டாக்டர் செய்த சிகிச்சையில் தாயும் சேயும் பிழைத்தனர். நன்றியறிதலாக அப்பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால் அது அபூர்வம். கீறிய கருப்பையைத் தைக்காமல் விட்டுவிடுவதே அந்நாளைய வழக்கம். இரத்தப் பெருக்காலும் சீழாலும் தாய்மார் மாண்டனர். கருப்பையையும் கவனமாகத் தைத்தாக வேண்டும் என்று 1882-ல் மாக்ஸ் சேங்கர் என்னும் ஜெர்மானிய டாக்டர் வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் கொண்டு செய்து காட்டினார். தாய்மாரைக் காத்ததில் ஊசிக்கும் நூலுக்கும் இத்தனை பங்கு உண்டென்பதில் நம் ஜவுளிக்கடைக்காரர்கள் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்!

இன்று நடப்பது என்ன? முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசி மூலம் மருந்து செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்தே இருக்கிறாள். மார்புக்கு நேரே ஒரு துணித்திரை. அடிவயிற்றில் ஒரு சாணுக்கும் குறைவான கீறல். சில நிமிடங்களிலேயே பிள்ளையின் அழுகுரல் கேட்டுவிடும். எஞ்சிய அரைமணி, முக்கால்மணி நேரமெல்லாம் தையலுக்கே செல்லும். இதைப் பார்த்துத்தான் "வலியில்லாமல் பெற்றவள்" என்று பேசுகிறார்கள். மரப்பு நீங்கிய பின் இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுக்கும். அந்த நிலையிலேயே, காலில் இரத்தம் உறையாதிருக்க வேண்டும் என்று மறுநாள் அவளை எழுந்து நடக்கச் சொல்வார்கள். மற்றவள் ரொக்கமாகக் கொடுத்ததை இவள் தவணையில் கொடுக்கிறாள். தவணைக்கு விலை சற்று ஏறுவது நாம் அறியாததா?

இப்படியிருக்க, பார்க்க வருகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன்னரே "நார்மலா, சிசேரியனா?" என்று கேட்பதும், விடை கேட்டு உதட்டைப் பிதுக்குவதும் நமது பண்பாட்டுக்குப் பொருந்துமா? "எங்க காலத்துல ஒம்பது பெத்தோம், ஒரு கத்தி பட்டதில்லே" என்று மாமி சொல்லுவார். ஒன்பது பெற்ற அம்மாமார்கள் இருந்தது உண்மையே. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மையவாடிக்குப் போய்விட்டவர்கள் அந்தச் சபையில் வந்து சாட்சி சொல்ல முடிவதில்லை.

இதனால், கத்தி எடுப்பதெல்லாம் சரி என்று சாதிக்க வரவில்லை. 1990-ல் உலகில் நூற்றுக்கு சுமார் 7 பிரசவமே இம்முறையில் நடந்தது. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட கணக்கில் அது 21 ஆகிவிட்டது. இவ்வளவும் அவசியத்தால் நடந்தவை அல்ல என்று அந்த ஸ்தாபனமே கூறுகிறது. அதிலும் தலைப்பிள்ளைக்குப் போடும் தையல் அடுத்த பிள்ளையின் கணக்கிலும் வரவாகிறது. பின்னர் இயல்பாகப் பெற்றவர்கள் நிறைய உண்டு; என்றாலும், தழும்பின்மேல் நஞ்சு வேரூன்றிக்கொள்ளும் அபாயம் ஒவ்வொரு கீறலோடும் கூடிக்கொண்டே போகும். ஆகையால் முதலிலேயே "ஏன்?" என்று கேட்டுவிட வேண்டும். நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் வேறு வழியே இல்லை. மாதம் நிறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 3 அல்லது 4 தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தே இருப்பதுண்டு. அதை வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கும் முறை உள்ளது, ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பலிக்கிறது. சரக்கின் விலையை நாலு கடையில் விசாரிக்க வெட்கப்படாத நாம், டாக்டரிடம் ஒரு காரணம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. விடையை வைத்துத் தீர்மானிக்கும்போது மனைவியின் சொல்லே முதற்சொல்லாக இருக்கட்டும். உடல் அவளுடையது.

இரண்டாவது கூற்று, தவக்குலைப் பற்றியது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டு என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் ஒரு கிராமத்து அரபிக்கு அறிவுறுத்தியதாக வரும் செய்தியைக் கேளாத வீடு நம்மில் இல்லை. நம் முன்னோர் நாகூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பாய்மரக் கப்பலேறி வந்தபோது, காற்றுப் பருவம் பார்த்துத்தான் நங்கூரம் எடுத்தார்கள். பருவத்தை உண்டாக்கியது அவர்களல்லர்; பருவத்துக்குள் ஒரு நாளைத் தேர்ந்தவர்கள்தாம் அவர்கள். டாக்டர் குறிக்கும் நாளும் அத்தகையதே. குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஆகவே அந்த நாட்குறிப்பின் பக்கத்திலும் 'இன்ஷா அல்லாஹ்' என்று எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்றாமவர் கேட்ட வெள்ளிக்கிழமைக்கு விடை சுருக்கமானது. பிள்ளைக்கு முழுக்கணக்கு 40 வாரம். அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரம் நிறையுமுன் டாக்டர்கள் கைவைக்க விரும்புவதில்லை. அதற்கு முன் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் காண்கிறது. நிறைந்த பின், வியாழனா வெள்ளியா என்று டாக்டரே கேட்டால் வெள்ளியைச் சொல்லுங்கள், குற்றமில்லை. மீலாது நாளில் பிறக்க வேண்டும், பெரியவர் உம்ராவுக்குப் புறப்படுமுன் பிறக்க வேண்டும் என்று இரண்டு வாரம் முன்னால் இழுப்பது, பழுக்காத காயைப் பறிப்பது. அது நமது சொத்துமன்று, அமானிதம்.

நிற்க. இம்மூன்றையும்விட முக்கியமான ஒன்றை நம்மில் எவரும் பேசுவதாகக் காணோம். நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், தகப்பனின் பொறுப்பு என்ன ஆகிறது?

நம் சமூகத்தின் கதையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். தலைப்பிரசவம் ஊரில், உம்மா வீட்டில். வாப்பா பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கல்லாவில். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் ஊர் போய்ச் சேரவே ஏறத்தாழ ஒரு வாரம். வலி எந்த நாளில் வருமென்று யாருக்குத் தெரியும்? தந்தி வரும், மிட்டாய் வாங்கிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பார்கள், பிள்ளையின் முகத்தைப் பார்க்க இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். வாப்பாவைக் கண்டு அந்நியர் என்று அழுத பிள்ளைகள் எத்தனையோ! அதற்காக அவர்களை நாம் குறைகூற இயலாது. தூரமும் அறியாமையும் அவர்களுக்கு நியாயமான சாக்காக இருந்தன. பின்னர் குடும்பங்கள் இங்கேயே வந்தன. 1966-ல் சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் பிறந்தன. தூரம் போயிற்று. ஆனாலும் "நேரம் தெரியவில்லை, கடையில் ஆளில்லை" என்னும் சாக்கு மிஞ்சியது.

நாள் குறித்த பிரசவம் அந்தக் கடைசிச் சாக்கையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது. தேதி தெரியும், மணி தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். சரக்கு இறங்கும் நாளை மூன்று வாரம் முன்னதாக அறிந்துகொண்டு, அன்று துறைமுகத்துக்குப் போகாத வணிகனை நாம் என்ன சொல்வோம்? அறிதல் கடமையை உண்டாக்குகிறது. முன்பு தாய் ஒருத்தியே தனியாகக் காத்திருந்தாள். இப்போது காத்திருத்தல் குடும்பம் முழுவதற்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. தகப்பனின் பங்கை அவன் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

இது முதலாளிகளாகிய நமக்கு இன்னும் நெருக்கமாக உறைக்கும் விஷயம். சென்ற ஆண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் என் காதில் விழுந்த பேச்சு இது. ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கல்லாவருகே தயங்கி நின்றார்.

"முதலாளி, வர்ற பதினெட்டாந் தேதி ஊர்ல எங்க வீட்டுல ஆப்பரேஷன். தலைப்புள்ள. ஒரு பத்து நாள் போயிட்டு வந்துடுறேன்."

"ஆப்பரேஷன் அவுகளுக்கா, ஒனக்கா? நீ போய் என்ன செய்யப்போறே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சிரித்துவிட்டு, பரோட்டாக் கல்லுக்குத் திரும்பிவிட்டார். முதலாளி கெட்டவரல்லர், வாரி வழங்குகிறவர் என்று பெயர் பெற்றவர். பிள்ளை பிறந்ததும் நல்ல தொகை ஒன்று கொடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அவர் வாப்பாவுக்குக் கப்பல்தான் தடையாயிருந்தது. இந்தத் தம்பிக்கோ அவரே தடையானார். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம்.

"நீ போய் என்ன செய்யப்போறே?" என்பதற்கு விடையும் இருக்கிறது. கீறிய வயிற்றோடு இருப்பவளால் படுக்கையிலிருந்து தானாக எழ முடியாது. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க ஒரு கை வேண்டும். பால் சுரப்பு சற்றுத் தாமதப்படலாம். அப்போது பிள்ளை கதறும், அவளும் அழுவாள். பிள்ளையைவிடக் கனமான எதையும் பல வாரங்களுக்குத் தூக்கலாகாது. டாக்டர்கள் 6 வாரம் என்கிறார்கள். நம் பாட்டிமார் நாற்பது என்றார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவ்விரு தரப்பாரும் வேறெதிலும் பேசிக் கேட்டதில்லை!

சட்டமும் இப்போது சற்று விழித்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த மணமான ஊழியருக்குப் பிரசவத்துக்காகத் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு விடுப்புண்டு. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடியுரிமைப் பிள்ளைகளின் தகப்பனாருக்கு 4 வாரம். கடையில் நாலு பேரை வைத்திருப்பவர்கள் இதை ஒரு தொல்லையாகக் கருதுவதுண்டு. திடீரென்று ஆள் வராமற்போவது தொல்லைதான். மூன்று வாரம் முன்னதாகத் தேதி சொல்லிக் கேட்கிறவனால் என்ன தொல்லை? மாற்று ஆள் போட அவகாசம் இருக்கிறதே.

ஏழாம் நாள் அகீகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழாம் நாளன்று அவளது காயத்துக்கும் வயது ஏழுதான். முந்நூறு பேரை அழைத்து, அவளை ஜரிகைப் புடவையில் நாற்காலியில் உட்கார வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் முகம் காட்டச் செய்வது சுன்னத்தன்று. ஆட்டை அறுத்துப் பங்கிட்டு, பெயர் வைத்துவிட்டு, விருந்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அகீகாவையே பதினான்காம் நாளுக்கோ இருபத்தொன்றாம் நாளுக்கோ தள்ளுவதற்கும் இடமுண்டு என்று ஆலிம்கள் சொல்கிறார்கள்.

குறித்த நாளுக்கு முந்தைய இரவு கடையை முன்னதாகவே அடைத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு என்றால் நள்ளிரவுக்குப் பின் அவள் சாப்பிடலாகாது. விடிகாலையில் தண்ணீரும் நின்றுவிடும். தூக்கம் அவளுக்கு வராது. பக்கத்தில் ஓர் ஆள் விழித்திருந்தால் போதும், பெரிதாக ஒன்றும் பேச வேண்டியதில்லை. விடிந்ததும் பாங்கு சொல்ல ஹஜ்ரத்தைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம், தகப்பனே சொல்லலாம். அதற்கு இந்தப் பிரசவத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. தாயைத் தைத்து முடிக்கிற அந்த அரைமணி நேரம், பல ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைத் தகப்பன் கையில்தான் கொடுத்து வைக்கிறார்கள்.