பிழைப்பும் வாழ்வும்

தமிழில் 'பிழைத்தல்' என்னும் சொல் இரு பொருள் தருவது. சாவிலிருந்து தப்பி உயிரோடிருத்தல் ஒன்று, தவறுதல் மற்றொன்று. நோயாளி பிழைத்தான் என்கிறோம். கணக்குப் பிழைத்தது என்றும் சொல்கிறோம். 'அவன் பிழைக்கத் தெரிந்தவன்' என்று ஒருவர் கூறும்போது, அக்குரலில் பாராட்டும் பழிப்பும் சேர்ந்தே ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும். எனக்கு இச்சொல் ஒரு வினாவை எழுப்புகிறது. உயிர் பிழைக்க வேண்டி நாம் மேற்கொண்ட இயல்புகள், ஆபத்து நீங்கிய பின்னும் நம்மை விட்டு நீங்காவிடின், அவற்றையே நம் உண்மை இயல்பு எனக் கொள்ளலாமா?

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியார் வாழ்ந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1942ஆம் ஆண்டில் சப்பானியர் இந்நாட்டைக் கைப்பற்றியபோது அவர் சிறுமி. தந்தையைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர், அவர் திரும்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்றது. அதற்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் எத்தனையோ ஆயிரவர் காட்டில் மாண்டனர். வெளிநாட்டு அரிசியின் வரவு குறைந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. கையிலிருந்த சப்பானிய நோட்டுகள் 1945இல் வெற்றுத்தாளாயின. அம்மூதாட்டியார் பின்னாளில் மகன் வீட்டில் வசதியாகவே இருந்தார். ஆயினும் அவர் கட்டிலுக்கடியில் பால்மாவு டின்கள் ஏழு இருந்தன. ஏழிலும் அரிசி. வண்டு விழுந்தாலும் அவற்றைத் தொட விடமாட்டார். வீட்டார் சிரித்தனர், சில வேளை சினந்தனர்.

சிரிப்பதும் சினப்பதும் முறையா? அந்த அரிசிக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. சேர்த்து வைத்தவர் வீட்டில் அடுப்பெரிந்தது. வைக்காதவர் வீட்டில் எரியவில்லை. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாமலிருப்பது அறியாமை என்பதே வள்ளுவர் கருத்து. உடலும் அவ்வாறே அமைந்துள்ளது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அச்சம் உண்டானவுடன் நெஞ்சு விரைந்து துடிப்பதையும், செரிமானம் தளர்வதையும், குருதியில் சர்க்கரை மிகுவதையும் விளக்கினார். எதிர்ப்பதற்கோ ஓடுவதற்கோ உடல் தன்னை ஆயத்தம் செய்து கொள்கிறது. புலியின் முன் நிற்பவனுக்கு இதனினும் நல்ல துணை இல்லை. புலி போய் நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் அதே ஆயத்தத்தில் நிற்பவனுக்கோ உணவு செரிப்பதில்லை, உறக்கம் பிடிப்பதில்லை, பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட நின்று பார்க்க நேரம் வாய்ப்பதில்லை.

இவ்வியல்பு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். பெரட்டுக்களத்தில் கங்காணியின் முன் வாய் திறவாமல் நின்றவரின் பேரன், வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் அமர்ந்திருக்கிறான். 'ஐயா என்ன சொன்னாலும் சரி' என்ற மறுமொழி அவன் நாவில் ஆயத்தமாக இருக்கிறது. அதனை அடக்கம் என்று நாம் புகழ்கிறோம். பலவேளை அஃது அடக்கமன்று. லயத்து வீட்டிலிருந்து அவனுக்கு வந்து சேர்ந்த தற்காப்பு. அதனைக் கண்டறியாமல் நற்சான்று எழுதிக் கொடுப்பது நம் தொழிலுக்கு அழகாகுமா?

இதற்கு மாற்றாக நம் மேடைகளில் வேறொன்று முழங்குகிறது. அப்பரடிகளின் அஞ்சாமையைக் கூறி, 'சிங்கமே எழு' என்று மாணவரை அழைக்கின்றனர். நானும் அவ்வாறு முழங்கியவன்தான். இன்று எண்ணிப் பார்க்குங்கால், அம்முழக்கமும் அச்சத்தின் பிள்ளையே என்று தோன்றுகிறது. குனிந்தவன் திடீரென்று நெஞ்சை நிமிர்த்திக் கூவுவதனால் அமைதி பெற்றுவிடுவதில்லை. முன்பு ஒளிந்து நின்றவன் இப்போது பாய நிற்கிறான், அவ்வளவே. இரண்டு நிலையிலும் பகைவனையே நோக்கியிருக்கிறான், தன்னை நோக்கவில்லை.

'அமைதி வயிறு நிறைந்தவர்க்கு உரியது. நாட்கூலிக்காரனுக்கு அதைப் போதிக்கலாமா?' என்று ஒருவர் கேட்கலாம். மிக நேர்மையான கேள்வி. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்ற நிலையில் இருந்தவனிடம் மனத்தை ஆற்றிக் கொள் என்பது கொடுமை. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1969ஆம் ஆண்டிற்குப் பின் குடியுரிமை இல்லாதார் வேலை பெர்மிட்டுக்கு அலைந்தபோதும், அச்சம் அவர்கள் கற்பனையன்று. தோட்டத் தொழிலாளர்க்கு மாதச் சம்பளம் வேண்டுமென்று சங்கங்கள் நெடுங்காலம் வாதாடியதை வெறும் காசுக் கணக்காக நான் எண்ணுவதில்லை. நாளை உண்டு என்ற உறுதியே அமைதியின் முதற்படி. ஆனால் அவ்வுறுதி கிடைத்த பின்னும் பலர் ஓய்வதில்லையே! அவர்களைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

இந்நாட்டுத் தமிழர்க்கு ரப்பர் மரத்தைவிட நெருங்கிய ஆசான் வேறில்லை. உளி சற்றே ஆழ்ந்து பட்டைக்கு உள்ளே பாய்ந்தால் மரம் காயப்படும்; காயம் ஆறும்போது அவ்விடத்தில் முண்டும் முடிச்சும் எழும். பிற்பாடு அங்கே நேராக வெட்ட இயலாது. அளவு மீறி வெட்டப்பட்ட மரமோ பால் வற்றிப் போகும். அதனைத் திட்டிப் பயனில்லை. உரமிட்டு உடனே பால் கேட்டும் பயனில்லை. வெட்டாமல் விட வேண்டும். சீவிய பட்டை மீண்டும் தடித்து வளரச் சில ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளில் மரம் ஒன்றும் செய்யாமல் நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். முண்டுகளும் மறைவதில்லை. அவற்றை உடையதாகவே மரம் வாழ்கிறது.

மனிதனின் உண்மை இயல்பும், தற்காப்பை உரித்தெறிந்தால் உள்ளே பளபளப்பாகக் கிடைக்கும் பொருளன்று என்றே கருதுகிறேன். நம்மைக் காத்த அச்சத்தைப் பொய் என்று தள்ளினால், நம்மைக் காத்த தாயையே தள்ளியவராவோம். அதற்கு நன்றி கூறலாம், ஓய்வும் கொடுக்கலாம். கை தூக்காத மாணவனைப் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தாமல், விடை தவறினாலும் இவ்வறையில் ஒன்றும் நேராது என்பதை அவனே பல நாள் கண்டறிய விடலாம். ஒரு தவணை முழுதும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

அம்மூதாட்டியாரின் மருமகள் அதிகம் படித்தவரல்லர். ஒருநாள் அவர் சிரிப்பதை நிறுத்தினார். மாதந்தோறும் மாமியாரோடு தரையில் அமர்ந்து, டின்களிலிருந்த பழைய அரிசியைப் புடைத்துச் சமைக்க எடுத்துக்கொண்டு, புதிய அரிசியை நிரப்பி வைத்தார். வேண்டாம் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டுப் பொங்கலன்று மூதாட்டியார் தாமே ஒரு டின்னை இழுத்து வந்து, 'இதைப் பொங்கலுக்குப் போடம்மா, திருப்பி நிரப்ப வேண்டாம்' என்றார். பின்னர் இன்னொன்று. சில டின்களில் பூச்செடி வைத்தார். அவர் மறைந்தபோது கட்டிலுக்கடியில் ஒரு டின் இருந்தது. அதில் அந்த மாதத்து அரிசி இருந்தது.