போகாத கூட்டத்தில் ஒரு கைநாட்டு

போன வருசம் ஒரு மத்தியானம், பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கிராம சுகாதாரக் குழு நோட்டோடு ஒருவர் வந்தார். தீர்மானமெல்லாம் எழுதி முடித்திருந்தது. வந்தவர் பட்டியலில் பெரியம்மா பெயருக்கு எதிரே மட்டும் இடம் காலி. குழுவில் சேரிக்காரர் அவர் ஒருவர்தான். மைப்பெட்டியை நீட்டினார்.

“நான் போவாத கூட்டத்துல எப்பிடிப்பா நான் இருந்தேன்?” என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

“வச்சுடு பெரியம்மா, பேராவது உள்ள இருக்கட்டும்” என்றேன். எம்.ஏ. படித்து, பத்து வருசமாக இயக்க வேலை பார்க்கிறவன் சொன்ன பதில் இது.

உள்ளே இருந்தால் ஒருநாள் பேசலாம் என்பது என் வாதம். ஆனால் அந்தக் கைநாட்டு, பேசாத ஒருத்தியைச் சம்மதித்தவளாக்கி விடுகிறது. நாளைக்கு நர்சம்மா தெருவுக்கு வரவில்லை என்று புகார் சொன்னால், ‘நீயுந்தான இருந்த’ என்பார்கள்.

1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகள், உடல்நலப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று அறிவித்தன. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஊருக்கொரு குழு என்றது, ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் ஒதுக்கியது. சரி, ஊர் என்றால் யார்? எங்க பக்கத்துப் பேச்சில் ஊர் வேறு, சேரி வேறு. கடமைக்கு எங்களைக் கூப்பிட எந்த அறிவிப்பும் தேவைப்பட்டதில்லை. சாக்கடை வாரவும் செத்த மாட்டைத் தூக்கவும் தலைமுறை தலைமுறையாகப் ‘பங்கேற்று’த்தான் வந்தோம். ஊரின் சுகாதாரமே எங்கள் முதுகில்தான் நடந்தது. உரிமைதான் வந்து சேரவில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போனது. குடிதண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்து, மலம் கிடந்ததைக் கண்டவர்கள் அந்தத் தலித் தெருக்காரர்களே. இதைவிட என்ன மக்கள் பங்கேற்பு வேண்டும்?

அடுத்த முறை நோட்டு வந்தபோது பெரியம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். “கூட்டத்த எங்க தெருவுல போடு. பொழுது சாஞ்சி போடு. பகல்ல வந்தா எனக்குக் கூலி யாரு குடுப்பா?” வந்தவர் என்னைப் பார்த்தார், எடுத்துச் சொல்வேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாசம் இழுத்தடித்து, எங்கள் புங்கமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். செவிலியரும் வந்தார். பாவம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அவர் ஒருத்தி எத்தனை தெருதான் நடப்பார்! மருந்து பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். பெண்கள் கேட்டதோ வேறு. புதன்கிழமை தடுப்பூசி போடுற நேரம் நாங்க நடவுல இருக்கோம், கொழந்தய யாரு தூக்கினு வர்றது? ஊசி போடுற எடம் ஏன் ஊர்க் கோயில் பக்கத்துலயே இருக்கணும்? சக்கர மாத்திரய எங்க கையில படாம ஏன் போடுறீங்க?

கடைசிக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நோட்டு எழுதுகிறவர் பேனாவை மூடப் போனார்.

“அதயும் எழுது” என்றார் பெரியம்மா. எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரலை மையில் வைத்தார்.